கை எட்டாத பொறிக்கு ஒரு சாளரம்

மனிதன் ஆக்கிய கருவி எதுவும் என்றேனும் ஒரு நாள் பழுதுறும். பழுதுற்ற கருவி கைக்கெட்டும் இடத்தில் இருப்பின் அதனைத் திறந்து பார்க்கலாம். ஐயமுள்ள பாகத்தைக் கழற்றி வேறொன்றை மாட்டிப் பார்க்கலாம். ஆனால் மலையுச்சியிலும், நடுக்கடலில் மிதக்கும் மிதவைகளிலும், ஏன், பிற கோள்களின் தரையிலும்கூட இன்று கருவிகள் தனித்து நின்று பணியாற்றுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவற்றின் உள்ளே சிறு கணிப்பொறி ஒன்று அமைந்திருக்கிறது. அதன் செயல்நிரலில் பிழை ஒன்று ஒளிந்திருக்குமாயின் அதனை எங்ஙனம் காண்பது? திருத்துவது பின்னர் வருவது. காண்பதே முதற் கடமை. இதற்கென விஞ்ஞானிகள் வகுத்துள்ள முறைக்குத் தொலைப் பிழைநீக்கம் என்று பெயர். அது எவ்வாறு இயங்குகிறது என்பதையும், அதனால் விளையும் நன்மையும் தீமையும் யாவை என்பதையும் ஈண்டுக் காண்போம்.

மழைமானியில் ஒரு பிழை

ஓர் எளிய எடுத்துக்காட்டினை முதலில் எடுத்துக்கொள்வோம். மலைப்பகுதி ஒன்றில் தானாக இயங்கும் மழைமானி நிலையம் இருப்பதாகக் கொள்வோம். அது நாள்தோறும் மூன்று முறை மழையை அளந்து, நாளின் முடிவில் மொத்த அளவைத் தொலைவிலுள்ள அலுவலகத்திற்கு அனுப்புகிறது. அதற்கு இடப்பட்ட ஆணைகள் ஐந்து. முதலாவது: மொத்தத்தைச் சுழியாக்குக. இரண்டாவது: அடுத்த அளவைப் பெறுக. மூன்றாவது: அதனை மொத்தத்துடன் கூட்டுக. நான்காவது: நாள் முடியவில்லையெனில் இரண்டாம் ஆணைக்குச் செல்க, முடிந்துவிட்டால் மொத்தத்தை அனுப்புக. ஐந்தாவது: மீண்டும் இரண்டாம் ஆணைக்குச் செல்க.

முதல் நாள் அளவுகள் 4, 0, 6 மில்லிமீட்டர். நிலையம் 10 என்று அனுப்பும், அது சரியே. இரண்டாம் நாள் அளவுகள் 0, 2, 1. நிலையம் 3 என்று அனுப்ப வேண்டும்; ஆனால் 13 என்று அனுப்பும். ஐந்தாம் ஆணை இரண்டாம் ஆணைக்குச் செல்லாமல் முதலாம் ஆணைக்குச் சென்றிருக்க வேண்டும் என்பதே பிழை. ஆனால் அலுவலகத்தில் அமர்ந்திருப்பவருக்கு ஆணைகள் ஓடுவது தெரியாது. 13 என்னும் எண் மட்டுமே அவர் கண்ணிற் படும். மழை உண்மையிலேயே 13 மில்லிமீட்டர் பெய்ததா, மழைமானியின் வாளி பழுதுற்றதா, கம்பியில் ஈரம் இறங்கியதா என்று அவர் ஐயுறுவார். அந்த எண்ணை நம்பி ஆற்றங்கரை மக்களுக்கு எச்சரிக்கை விடுப்பதா வேண்டாமா என்பதும் அவர் முன் நிற்கும் வினாவாகும்.

நிரலை நடுவில் நிறுத்தி, "இப்பொழுது மொத்தம் எவ்வளவு?" என்று அலுவலகத்திலிருந்தே கேட்க இயலுமாயின் பிழை சிறிது நேரத்தில் வெளிப்பட்டுவிடும். இரண்டாம் நாளின் முதல் அளவைப் பெறும் முன்பே மொத்தம் 10 என்றிருப்பதைக் கண்டதும், சுழியாக்கும் ஆணை விடுபட்டது என்பது விளங்கும். தொலைப் பிழைநீக்கத்தின் சாரம் இதுவே.

உள்ளே அமர்ந்த வரிமொழிமாற்றி

இத்தகைய கருவிகளின் நிரல் பெரும்பாலும் இரு அடுக்குகளாக அமைகிறது. அடித்தளத்தில் இருப்பது யந்திர மொழிக்கு முன்னரே மாற்றப்பட்டு நினைவகத்தில் பதிக்கப்பட்ட நிலையான நிரல். அதனை மாற்றுவது எளிதன்று. மாற்றினால் முழுவதையும் மீண்டும் சோதிக்க வேண்டும். அதன்மேல் அமைவது, தேவைக்கேற்ப அடிக்கடி மாற்றத்தக்க சிறு ஆணைத் தொகுதி. இதனை ஸ்கிரிப்ட் என்பர். நாம் குறுநிரல் எனலாம். அடித்தள நிரலினுள் அமர்ந்துகொண்டு, குறுநிரலை வரிவரியாகப் படித்து அவ்வப்பொழுதே நிறைவேற்றும் பகுதிக்கு வரிமொழிமாற்றி என்று பெயர். பாட்டுப் புத்தகத்தை முன்வைத்துப் பாடுபவரைப் போன்றது அது. புத்தகத்தை மாற்றினால் பாட்டு மாறும், பாடுபவரை மாற்ற வேண்டியதில்லை.

இவ்வாறு பிற நிரல்களினுள் பொதிந்து வைப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட மொழிகளும் உண்டு. பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனீரோ நகரிலுள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1993ஆம் ஆண்டு பிறந்த லுவா அவற்றுள் ஒன்று. 2021ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் விண்ணில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியில், ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் வரிமொழிமாற்றி ஒன்று பொதிக்கப்பட்டுள்ளது. பூமியிலிருந்து சுமார் 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள அத்தொலைநோக்கியின் ஆய்வுப் பணிகளை அம்மொழியில் எழுதிய குறுநிரல்களே நடத்துகின்றன.

சாளரம் அமைக்கும் வகை

வரிமொழிமாற்றி ஒவ்வொரு வரியையும் தானே படிப்பதால், அதனிடம் ஒரு சிறு கடமையைக் கூடுதலாக ஒப்படைக்கலாம். "அடுத்த வரிக்குச் செல்லுமுன் யாரேனும் நிற்கச் சொல்லியிருக்கிறார்களா என்று பார்" என்பதே அக்கடமை. லுவா மொழியில் இவ்வசதிக்குக் கொக்கி என்று பொருள்படும் ஹூக் என்னும் பெயர் வழங்குகிறது. புதிய வரி தொடங்கும்பொழுதும், ஒரு செயற்கூற்றினுள் நுழையும்பொழுதும், அதிலிருந்து மீளும்பொழுதும், குறித்த எண்ணிக்கையில் ஆணைகள் நிறைவேறியபொழுதும் அக்கொக்கியை இயங்கச் செய்யலாம்.

இதனைத் தொலைவிலிருந்து பயன்படுத்த வேண்டுமாயின் நான்கு ஏற்பாடுகள் இன்றியமையாதவை. முதலாவது, நினைவகத்திலுள்ள ஆணை குறுநிரலின் எந்த வரிக்கு உரியது, எந்த மாறிக்கு என்ன பெயர் என்பன போன்ற குறிப்புகள் கருவியிலோ அலுவலகத்திலோ பாதுகாக்கப்பட வேண்டும். இடத்தைச் சிக்கனப்படுத்தக் கருதி இவற்றை நீக்கிவிட்டுப் படியும் வைத்துக்கொள்ளாதவர், பெயர்ப்பலகை இல்லாத ஊரில் முகவரி தேடுபவராவார்.

இரண்டாவது, வினாவும் விடையும் செல்வதற்கு ஒரு வழி வேண்டும். இது கம்பித் தொடராகவோ, வானொலி அலையாகவோ, இணையமாகவோ இருக்கலாம். பொதிந்துள்ள வரிமொழிமாற்றி பொதுவாக இவ்வழியைப் பற்றி எதுவும் அறியாது. எழுத்துகளைப் பெற்றுத் தருவதும் கொண்டு சேர்ப்பதும் அதனை உள்ளடக்கிய நிரலின் பொறுப்பாகும்.

மூன்றாவது, குறுநிரல் நிறுத்தப்பட்டிருக்கும் வேளையிலும் கருவியின் பிற பணிகள் நடைபெற வேண்டும். பல கருவிகளில் காவற் கடிகாரம் ஒன்று உண்டு. நிரல் குறித்த காலத்திற்குள் "நான் நலம்" என்று அறிவிக்காவிடில், கருவி செயலிழந்ததாகக் கருதி அக்கடிகாரம் யாவற்றையும் மீண்டும் தொடங்கிவிடும். பிழை காண நிறுத்தியதையே பிழையென்று அது கொள்ளாதிருக்க முன்கூட்டியே வகை செய்ய வேண்டும்.

நான்காவது, வினவுபவர் உரியவர்தானா என்று அறியும் பூட்டு வேண்டும். இதனைப் பின்னர்க் காண்போம்.

தொலைவு மிக அதிகமாயின் மற்றோர் இடர்ப்பாடும் தோன்றுகிறது. வினாவுக்கு விடை கிடைக்க 21 நிமிடங்கள் ஆகுமெனில், நூறு வரிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க 35 மணி நேரம் கழிந்துவிடும். ஆதலின் அத்தகைய இடங்களில், நிறுத்திப் பார்ப்பதைவிட, நிகழ்ந்தவற்றைக் கருவியே வரிசையாகக் குறித்து வைக்கும் சுவட்டுப் பதிவு முறை பெரிதும் பயனுடையதாகும்.

செவ்வாயில் நேர்ந்த தடுமாற்றம்

1996ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் அமெரிக்க விண்வெளி நிர்வாகமான நாசா ஏவிய மார்ஸ் பாத்ஃபைண்டர் விண்கலம், 1997ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் செவ்வாயில் இறங்கிற்று. அப்பொழுது அக்கோள் சுமார் 19 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. வானொலிச் செய்தி ஒருவழி செல்லப் பத்து நிமிடங்களுக்கு மேல் ஆயிற்று. இறங்கிய சில நாட்களில், வானிலைக் குறிப்புகளைச் சேகரிக்கத் தொடங்கிய சிறிது காலத்திலேயே, கலத்தின் கணிப்பொறி தன்னைத்தானே மீண்டும் மீண்டும் புதிதாகத் தொடங்கிக்கொள்ளலாயிற்று. சேகரித்த குறிப்புகள் அழியவில்லையாயினும், அன்றைய எஞ்சிய பணிகள் மறுநாளைக்குத் தள்ளிப்போயின.

காரணத்தை ஓர் அலுவலக உவமையால் விளக்கலாம். பதிவேட்டு அறைக்கு ஒரே சாவி. இளநிலை எழுத்தர் அதை எடுத்துக்கொண்டு உள்ளே செல்கிறார். அவர் வேலையை முடிக்குமுன், இடைநிலை அலுவலர்கள் ஒருவர்பின் ஒருவராக அவரைத் தம் வேலைகளுக்காக ஒதுங்கி நிற்கச் சொல்கின்றனர். அதற்குள் தலைமை அலுவலருக்கு அவ்வறை தேவைப்படுகிறது. சாவி இளநிலை எழுத்தரிடம் சிக்கியிருப்பதால் அவரும் காத்து நிற்கிறார். முடிவில், யாவரினும் முக்கியமான பணி, இடைநிலைப் பணிகளால் தடைப்பட்டுப் போகிறது. கலத்தில் இளநிலை எழுத்தர் வானிலைக் குறிப்புப் பணி. தலைமை அலுவலர் கருவிகளுக்கிடையே தகவலைப் பங்கிடும் பணி. தகவற் பணி குறித்த நேரத்தில் முடியாததைக் கண்ட மேற்பார்வைப் பணி, பெரும்பிழை நேர்ந்ததாகக் கருதி யாவற்றையும் மீண்டும் தொடங்கிற்று. இதற்கு முன்னுரிமைத் தலைகீழாதல் என்று பெயர்.

கலத்தின் நிரலில் சுவட்டுப் பதிவு வசதி இருந்தது. அதன் பதிவுகள் பூமிக்கு அனுப்ப இயலாத அளவு பெரியவை. ஆயினும் அவ்வசதியை நீக்காமலே கலத்தை அனுப்பியிருந்தனர். பூமியில் சோதித்த அதே நிரலே விண்ணில் இயங்க வேண்டும் என்பது அவர்களது கொள்கை. ஆகவே ஆய்வுக்கூடத்திலிருந்த மாதிரிக் கலத்தில், நிரலில் எதனையும் மாற்றாமல், செவ்வாயில் நடந்த பணிகளையே திரும்பத் திரும்பச் செய்து பார்த்தனர். 18 மணி நேரத்திற்குள் அதே தடுமாற்றம் அங்கும் நிகழ்ந்தது. சுவட்டுப் பதிவு காரணத்தைக் காட்டிற்று. சாவியை வைத்திருப்பவருக்கு, காத்திருக்கும் தலைமை அலுவலரின் முன்னுரிமையைத் தற்காலிகமாக அளிப்பது என்பதே தீர்வு. அவ்வசதி ஏற்கெனவே இயக்க அமைப்பில் இருந்தது; குறிப்பிட்ட அப்பூட்டுக்கு மட்டும் அது முடக்கி வைக்கப்பட்டிருந்தது.

கலம் பயன்படுத்திய வி.எக்ஸ்.வொர்க்ஸ் என்னும் இயக்க அமைப்பில் சி மொழி ஆணைகளைப் படித்து நிறைவேற்றும் வரிமொழிமாற்றி ஒன்று உண்டு. அதற்கு ஒரு சிறு நிரலை அனுப்பியே பிழையைத் திருத்தினர் என்று பலரும் எழுதியுள்ளனர். ஆனால் கலத்தின் நிரற் குழுவிற்குத் தலைமை தாங்கிய கிளென் ரீவ்ஸ் இதனை மறுத்துள்ளார். அவ்வசதி கலத்தில் இயங்கும் நிலையில் இருந்தது உண்மையே. ஆயினும் பழைய நிரலுக்கும் புதிய நிரலுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் அனுப்பி, பல சரிபார்ப்புகளுடன் பொருத்தும் தனி முறையாலேயே திருத்தம் செய்யப்பட்டது. பிழையைக் காணும் வழியும் அதனைத் திருத்தும் வழியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இது தக்க சான்றாகும்.

விண்கலத்துடன் ஓர் உரையாடல்

1998ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் ஏவப்பட்ட டீப் ஸ்பேஸ் 1 என்னும் கலத்தின் அனுபவம், வரிமொழிமாற்றியின் நேரடிப் பயனைக் காட்டுவதாகும். தன் பணிகளைத் தானே திட்டமிட்டு நடத்தும் ரிமோட் ஏஜென்ட் என்னும் சோதனை நிரலை அக்கலம் ஏந்திச் சென்றது. நாசாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி நிலையமும் ஜெட் உந்து ஆய்வுக்கூடமும் இணைந்து அதனை லிஸ்ப் மொழியில் எழுதியிருந்தன. ஓர் ஆணையைப் படித்து, கணித்து, விடையை எழுதி, மீண்டும் அடுத்த ஆணைக்குக் காத்திருக்கும் உரையாடற் சுற்று அம்மொழிக்கு இயல்பானது. அச்சுற்றினைக் கலத்திலேயே இயங்குமாறு விட்டிருந்தனர்.

1999ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் சோதனை தொடங்கிற்று. மறுநாள், குறித்த நேரத்தில் அயனி எந்திரத்தை நிறுத்த வேண்டிய நிரல் அவ்வாறு செய்யவில்லை. கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் நிரல் உறைந்து நின்றுவிட்டது. பொறியியலார் உரையாடற் சுற்றின் வழியே கலத்திடம் வினவி, நிரலின் எப்பகுதி எதற்காகக் காத்திருக்கிறது என்பதை அறிந்தனர். நிரலின் இரு பகுதிகள் ஒன்றையொன்று எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்தன.

தபால் பெட்டியைத் திறந்து பார்த்தவர் அது வெறுமையாக இருப்பதைக் கண்டு, "கடிதம் வந்தால் மணியடிக்கட்டும்" என்று எண்ணி உறங்கச் செல்கிறார். பெட்டியை மூடியதற்கும் மணியின் ஓசை கேட்கும் அறைக்கு அவர் வந்து சேர்ந்ததற்கும் இடைப்பட்ட நொடியில் கடிதம் வந்து, மணியும் அடித்து ஓய்ந்துவிடுகிறது. இனி அவர் அடிக்கப்போகாத மணிக்காகக் காத்திருப்பார். டீப் ஸ்பேஸ் 1 நிரலில் நிகழ்ந்ததும் இத்தகையதே. பார்த்தலும் உறங்குதலும் இடையறாத ஒரே செயலாக நடைபெறுமாறு காக்கும் அமைப்பு ஓரிடத்தில் விடுபட்டிருந்தது.

மே 21ஆம் நாள் ஆறு மணி நேரப் புதிய திட்டம் ஒன்றை இயக்கிச் சோதனையின் எஞ்சிய நோக்கங்களையும் நிறைவேற்றினர். குறிப்பிடத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1997ஆம் ஆண்டிலேயே ஏம்ஸ் நிலைய விஞ்ஞானிகள் இந்நிரலின் ஒரு பகுதியைக் கணித முறையில் ஆராய்ந்து ஐந்து பிழைகளைக் கண்டனர். அவற்றுள் ஒன்று இதே வகையைச் சேர்ந்தது, அது திருத்தப்பட்டது. ஆனால் ஆராயப்படாத வேறொரு பகுதியில் அதே வகைப் பிழை எஞ்சியிருந்தது. எத்துணைக் கருத்தாகச் சோதித்தாலும் ஏதேனும் ஒன்று தப்பிவிடக்கூடும். ஆதலின் சோதனையுடன் சாளரமும் தேவைப்படுகிறது.

மறந்துவிடப்பட்ட வாயில்

உரியவர் நுழையும் வாயிலில் கள்வரும் நுழையலாம். வி.எக்ஸ்.வொர்க்ஸ் அமைப்பிலேயே தொலைப் பிழைநீக்கத்திற்கென ஒரு சேவை உண்டு. நினைவகத்தின் எப்பகுதியையும் படிக்கவும், அதில் எழுதவும் அது இடமளிப்பது; அடையாளம் எதுவும் கேட்பதில்லை. கருவியை உருவாக்கும் காலத்தில் பொறியியலாருக்கு இது பேருதவியாகும். ஆனால் விற்பனைக்கு அனுப்பும்பொழுது அதனை மூடிவிட வேண்டும். 2010ஆம் ஆண்டு இணையத்தை ஆராய்ந்த பாதுகாப்பு வல்லுநர் ஒருவர், இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்ட சாதனங்களில் இவ்வாயில் திறந்தே கிடப்பதைக் கண்டார். அவற்றை எவரும் வேண்டுமென்று திறந்து வைக்கவில்லை, மூட மறந்துவிட்டனர்.

விண்கலங்களின் சாளரம் எண்ணிப் பார்த்து வைக்கப்பட்டது. அங்குள்ளோர் அதனை அறிந்திருந்தனர், சோதித்திருந்தனர். மேற்கண்ட சாதனங்களின் வாயிலோ, இருப்பதே உரிமையாளருக்குத் தெரியாதது. வசதி ஒன்றே, விளைவு வேறு. ஆகவே கருவியை நிறுவும் பொறுப்புடையோர் சில நெறிகளைப் பின்பற்றல் நன்று. சாளரம் இயல்பாக மூடியிருத்தல் வேண்டும். தேவைப்படும்பொழுது உரியவர் மட்டும் அதனைத் திறக்கலாம். பார்க்கும் உரிமையும் மாற்றும் உரிமையும் தனித்தனியே வழங்கப்பட வேண்டும். திறந்தவர் யார், என்று திறந்தார், எதனை மாற்றினார் என்பன பதிவேட்டில் ஏற வேண்டும். குறித்த நேரத்திற்குப் பின் அது தானே மூடிக்கொள்ள வேண்டும். மக்கள் எவரும் அணுகத்தக்க பொது இணையத்தில் அதனை நேரே வைத்தல் கூடாது.

களப் பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும்

தானியங்கு நிலையம் ஒன்றைப் பொறுப்பேற்கும் களப் பணியாளர், அதன் அளவீட்டுத் திறனை மட்டுமன்றி அதன் சாளரத்தைப் பற்றியும் கேட்டறிதல் வேண்டும். "கருவியின் உள்ளே நடப்பதை இங்கிருந்தே காண வழியுண்டா? அதன் திறவுகோல் யாரிடம் உள்ளது? குறுநிரலின் சரியான படி நம் அலுவலகத்தில் இருக்கிறதா?" என்னும் மூன்று வினாக்களுக்கு விடை பெறாமல் கருவியை ஏற்பது, சாவி இல்லாத பெட்டியை ஏற்பதற்கு ஒப்பாகும். ஐயத்திற்குரிய எண் ஒன்று வரும்பொழுது, உடனே பொறியை நிறுத்தி மீண்டும் தொடங்காமல், முதலில் உள்ளிருக்கும் நிலையைக் குறித்துக்கொள்வதும் நல்ல வழக்கமாகும். மீண்டும் தொடங்கினால் குறை மறையலாம். அதனுடன் காரணத்தின் சுவடும் மறைந்துவிடும்.

ஆசிரியர்கள் மேலே கூறிய மழைமானி எடுத்துக்காட்டினை வகுப்பறையில் கணிப்பொறி இன்றியே நடத்திக் காட்டலாம். ஐந்து ஆணைகளை ஒரு தாளில் எழுதி, ஒரு மாணவரை வரிமொழிமாற்றியாக அடுத்த அறையில் அமர்த்துக. அளவுகளைச் சிறு சீட்டுகளில் எழுதி அவரிடம் தருக. மற்றவர்களுக்கு ஆணைத் தாளைக் காட்டாமல், நாள் முடிவில் வரும் மொத்தத்தை மட்டும் அறிவிக்கச் செய்க. 10 என்பதும் 13 என்பதும் வந்தபின், தவறு எங்கே என்று கேட்டால் மாணவர்கள் பலவாறு ஊகிப்பர். பின்னர், தூது செல்லும் மாணவர் ஒருவர் வழியாக, "இன்ன ஆணைக்கு முன் நிற்க, மொத்தம் என்ன?" என்று வினவ இடமளிக்க. நான்கைந்து வினாக்களுக்குள் பிழை வெளிப்படக் காணலாம். தூதுவரைப் பத்து நிமிடம் காக்கவைத்து அனுப்பினால், செவ்வாயின் தொலைவு எத்தகைய இடர்ப்பாடு என்பதும் அவர்களுக்கு விளங்கும்.

மார்ஸ் பாத்ஃபைண்டரின் தரைக்கலம் முப்பது நாட்கள் பணியாற்றினாற் போதும் என்றே திட்டமிடப்பட்டிருந்தது. பிழை கண்டு திருத்தப்பட்டபின் அது 1997ஆம் ஆண்டு செப்டம்பர் 27 வரை, ஏறத்தாழ மூன்று திங்கள், பூமியுடன் தொடர்பு கொண்டிருந்தது. கோளுக்குச் சென்ற கலத்திற்கு உதவிய அதே ஏற்பாடு, மலைச்சரிவில் தனித்து நிற்கும் மழைமானிக்கும் உதவக்கூடியதே. அனுப்பும் நாளில் அதனை எண்ணி வைத்திருக்க வேண்டும். வைத்ததை மறவாதிருக்கவும் வேண்டும்.